காதிரைச்சலும் கைபேசியும்

இரவு பதினோரு மணிக்குக் கரன்ட் போகிறது. மின்விசிறி நிற்கிறது, ஃபிரிட்ஜின் உறுமல் அடங்குகிறது, எதிர்வீட்டு டிவியும் ஓய்கிறது. எல்லாச் சத்தமும் போன பிறகுதான் சிலருக்குக் காதுக்குள் ஒரு சத்தம் ஆரம்பிக்கிறது. சிள்வண்டு கத்துகிறது என்பார் ஒருவர். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வரும் ‘உஸ்ஸ்’ என்பார் இன்னொருவர். மூன்றாமவருக்கு அது ‘கொய்ங்ங்’ என்று மூச்சுவிடாமல் இழுக்கும் ஒற்றைச் சுரம். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிக் கேட்டால், “எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

வெளியே ஒலி இல்லை, ஆனாலும் கேட்கிறது. மருத்துவத்தில் இதற்கு டின்னிடஸ் என்று பெயர். தமிழில் காதிரைச்சல். மருத்துவரிடம் போனால் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறார், அழுக்கு இருந்தால் எடுக்கிறார், செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்புகிறார். முடிவைப் பார்த்துவிட்டுப் பல நேரம் சொல்வது இதுதான்: “பயப்பட ஒண்ணும் இல்ல. இதுக்குன்னு மருந்து கிடையாது. பழகிக்கோங்க.”

இந்தப் பதில் பொய்யல்ல. காதிரைச்சலை நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. பழகிக்கொள்ள முடியும் என்பதும் உண்மைதான். ஆனால் எப்படிப் பழகுவது என்று சொல்லித்தராமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது கொடுமை. அந்த ‘எப்படி’யைக் கைபேசிச் செயலி ஒன்று சொல்லித்தர முடியுமா என்று சில நாடுகளில் சோதித்துவருகிறார்கள். இதுவரை கிடைத்த விடைகளைப் புரிந்துகொள்ள, அந்தச் சத்தம் எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1953இல் அமெரிக்காவில் மோரிஸ் ஹெல்லர், மோ பெர்க்மன் என்ற இருவர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். காதிரைச்சல் என்று ஒருநாளும் சொல்லாத, செவித்திறன் நன்றாக இருந்த 80 பேரை ஒவ்வொருவராக ஒலி புகாத அறையில் ஐந்து நிமிடம் உட்காரவைத்தார்கள். என்னென்ன கேட்கிறதோ எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். அறையில் எந்த ஒலியும் இல்லை. ஆனாலும் 94 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றைக் கேட்டதாக எழுதினார்கள்: ரீங்காரம், முணுமுணுப்பு, துடிப்பு. காதிரைச்சல் நோயாளிகள் சொல்லும் அதே வகைச் சத்தங்கள். மெல்லிய இரைச்சல் ஏறக்குறைய எல்லாருக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது, அன்றாட ஒலிகள் அதை மூடிவைத்திருக்கின்றன என்பது இதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு. கரன்ட் போன இரவில் நடப்பதும் இதுவே.

சிலருக்கு மட்டும் இது பகலிலும் கேட்கும் அளவுக்கு ஏன் பெருகுகிறது? உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு சிறிய உறுப்பு உண்டு. காக்ளியா என்பார்கள். அதற்குள் ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒலி வந்தால் அவற்றின் நுனி அசையும்; அந்த அசைவு மின்குறிப்பாக மாறி நரம்பு வழியே மூளைக்குப் போகும். வயதாலும், பெருஞ்சத்தத்தாலும், ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் போன்ற சில மருந்துகளாலும் இந்தச் செல்கள் சாகும். மனிதக் காதில் செத்த மயிரிழைச் செல் திரும்ப முளைப்பதில்லை. கூர்மையான ஒலிகளைப் பிடிக்கும் செல்கள் பெரும்பாலும் முதலில் போகின்றன. காதிரைச்சல் பலருக்கும் கீச்சென்ற உயர் சுரத்தில் கேட்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

பழைய டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி கேட்டவர்களுக்கு அடுத்த படி எளிதில் விளங்கும். நிலையம் தெளிவாகக் கிடைக்கும்போது ஒலியைக் குறைத்து வைத்தாலே போதும். அலை பலவீனமானால் கை தானாக வால்யூம் திருகைக் கூட்டும். பாட்டு கொஞ்சம் பெரிதாகும். கூடவே பெட்டியின் சொந்த ‘உஸ்ஸ்’ஸும் பெரிதாகும். மூளையும் இப்படித்தான் செய்கிறது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. காதிலிருந்து வரும் குறிப்பு குறைந்தால், மூளைத்தண்டிலும் அதற்கு மேலும் உள்ள செவிப் பாதை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. இதை ‘மையப் பெருக்கம்’ என்று சொல்லலாம். வெளியே இருந்து வரும் ஒலியோடு நரம்பணுக்களின் சொந்தச் சலசலப்பும் பெருக்கப்படுகிறது.

இது வெறும் ஊகம் அல்ல. 2012இல் பிரிட்டனில் நல்ல செவித்திறன் உள்ள 18 தன்னார்வலர்கள் ஒரு காதில் மட்டும் சிலிக்கோன் அடைப்பானை ஏழு நாள் வைத்துக்கொண்டார்கள். காதில் எந்தக் கோளாறும் இல்லை. உள்ளே போகும் ஒலி மட்டும் குறைந்தது. 14 பேருக்கு இல்லாத சத்தம் கேட்க ஆரம்பித்தது. அடைப்பானை எடுத்ததும் அது போய்விட்டது. எதிர்ப்பக்கத்துச் சான்றும் உண்டு. செவிநரம்பில் கட்டி வந்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சையின்போது அந்த நரம்பையே வெட்ட நேர்வதுண்டு. வெட்டிய பிறகும் அவர்களில் பலருக்குக் காதிரைச்சல் நீடித்தது. காதுக்கும் மூளைக்கும் தொடர்பே அற்றுப்போன பிறகும் சத்தம் கேட்கிறது என்றால், அதை இயக்குவது மூளைதான்.

‘டெஸ்ட் எல்லாம் நார்மல்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காக இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ரோலண்ட் ஷெட்டே, டேவிட் மெக்ஆல்பைன் இருவரும் 2011இல் செவித்திறன் பரிசோதனை முற்றிலும் இயல்பாக இருந்த பெண்களை ஆராய்ந்தார்கள். 15 பேருக்குக் காதிரைச்சல் உண்டு, 18 பேருக்கு இல்லை. தலையில் மின்முனை ஒட்டி, காதில் ‘டிக் டிக்’ என்று ஒலி கொடுத்தால், அது செவிநரம்பிலிருந்து மூளைத்தண்டு வழியே ஏறும் ஒவ்வொரு படியும் ஓர் அலையாகத் திரையில் எழும். காதிரைச்சல் உள்ளவர்களுக்கு, செவிநரம்பிலிருந்து வரும் முதல் அலை சிறுத்திருந்தது. ஆனால் மேலே போய்ச் சேரும் ஐந்தாம் அலை மற்றவர்களுக்கு இருந்த அதே உயரத்தில் இருந்தது. கிளம்பும்போது குறைவாக இருந்தது, போய்ச் சேரும்போது சரியாகிவிட்டது. இடையில் எங்கோ திருகு கூட்டப்பட்டிருக்கிறது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதே விடையைத் தரவில்லை என்பதால் மையப் பெருக்கமே முழுக் கதை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ‘டெஸ்ட் நார்மல்’ என்பதற்கு ‘நீங்கள் கற்பனை செய்கிறீர்கள்’ என்று பொருள் இல்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இனி இரண்டாவது புதிர். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் ‘ஜாமா நியூராலஜி’ இதழ் வெளியிட்ட கணக்கின்படி, வயதுவந்தோரில் சுமார் 14 சதவீதம் பேருக்குக் காதிரைச்சல் உண்டு. 74 கோடிக்கும் மேல். ஆனால் கடுமையாக அவதிப்படுபவர்கள் சுமார் 2 சதவீதம்தான். 12 கோடிப் பேர். மீதிப் பேர் என்ன செய்கிறார்கள்? சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டே பேருந்து ஓட்டுகிறார்கள், பாடம் நடத்துகிறார்கள், தூங்குகிறார்கள்.

அவதிப்படுபவர்களுக்குச் சத்தம் அதிகமாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆய்வகத்தில் அளந்து பார்த்தார்கள். வெளியே ஓர் ஒலியைக் கூட்டிக் குறைத்து, ‘உங்கள் காதுக்குள் கேட்பது இந்த அளவா?’ என்று கேட்டு ஒப்பிடும் முறை அது. பெரும்பாலானவர்களுக்குச் சத்தம், அவர்களால் கேட்க முடிந்த மிகச் சிறிய ஒலியைவிடச் சில டெசிபல்தான் கூடுதல். அதைவிட வியப்பு, இந்த அளவுக்கும் அவர்கள் படும் அவதிக்கும் நெருங்கிய தொடர்பு இல்லை. மெல்லிய சத்தத்தால் வாழ்க்கையே நிலைகுலைந்தவர் உண்டு. பெரிய சத்தத்தோடு நிம்மதியாக இருப்பவரும் உண்டு.

ஆய்வாளர் பாவெல் யாஸ்ட்ரெபாஃப் 1990இல் முன்வைத்த விளக்கம் இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. நம் மூளை பொருளற்ற ஒலியை வடிகட்டிவிடும். ரயில் பாதையோரம் குடியிருப்பவருக்கு ரயில் கேட்பதில்லை. புதிதாக வந்த விருந்தாளிதான் தூக்கம் கெட்டு எழுந்து உட்காருகிறார். இதற்குப் பழக்கமாதல் என்று பெயர். ஆனால் ஆபத்து என்று ஒருமுறை முத்திரை விழுந்த ஒலியை மூளை விடாது. ‘காது செவிடாகப் போகுதோ, தலையில கட்டியோ, இனிமே தூக்கமே வராதோ’ என்ற முதல் பயத்தில் அந்த முத்திரை விழுகிறது. பயம் கவனத்தை இழுக்கிறது. கவனம் போனால் சத்தம் பெரிதாகத் தெரிகிறது. பெரிதானால் பயம் இன்னும் கூடுகிறது. மையப் பெருக்கத்தைக் குறைக்கும் மருந்து கையில் இல்லை. இந்தச் சுழலை வெட்டும் வழி மட்டும் உண்டு.

கைபேசி இதற்குள் வருவது இரண்டு வாசல்களில். முதல் வாசல் ஒலி. இது எல்லாருக்கும் தெரியும். அதன் தொடக்கம் 1970களில், அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரத்து நீரூற்று ஒன்றில் இருக்கிறது. காதிரைச்சலால் அவதிப்பட்ட கலிஃபோர்னியா மருத்துவர் சார்ல்ஸ் யூனிஸ், ஆய்வாளர் ஜாக் வெர்னனைப் பார்க்க வந்திருந்தார். இருவரும் நகரில் நடந்து லவ்ஜாய் நீரூற்றின் பக்கம் வந்தார்கள். யூனிஸ் அங்கேயே நின்றுவிட்டார். தண்ணீர் விழும் ஓசைக்குள் அவர் காதிரைச்சல் மறைந்துபோயிருந்தது. காதில் மாட்டிக்கொள்ளும் இரைச்சல் கருவிகளை வெர்னன் உருவாக்கத் தூண்டியது அந்த நிகழ்ச்சிதான் என்பார்கள். இன்று மழை, அருவி, ‘உஸ்ஸ்’ என்று சீராக ஓடும் வெள்ளிரைச்சல் என்று நூறு ஒலிகளை அடுக்கிவைத்திருக்கும் செயலிகள் எல்லாம் அந்த நீரூற்றின் வாரிசுகள்.

இவை உதவுமா? தூங்கப் போகும்போது உதவும் என்று பலர் சொல்கிறார்கள். நம் வீடுகளில் மின்விசிறி இத்தனை காலமும் இந்த வேலையைத்தான் செய்துவந்திருக்கிறது. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு ஒலிச் சிகிச்சையைப் பற்றி 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 590 பேர் பங்கேற்ற 8 ஆய்வுகளைச் சலித்துப் பார்த்துவிட்டு, ஒலிக் கருவிகள் மற்ற வழிகளைவிட மேலானவை என்பதற்குச் சான்று இல்லை என்றது. எனவே இதை ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாம். சிகிச்சை என்று நம்பிவிடக் கூடாது. பயன்படுத்துவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காதிரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டினால், மூளை அந்தச் சத்தத்தைச் சந்திக்கவே இல்லை. சந்திக்காத ஒன்றோடு பழகவும் முடியாது. சத்தம் லேசாகக் கேட்டுக்கொண்டே இருக்க, அதனோடு மழையோசை கலந்து ஓடும் அளவுக்குக் குறைத்து வைக்க வேண்டும். இயர்போனை மாட்டிக்கொள்ளாமல், தலைமாட்டிலிருந்து சற்றுத் தள்ளிக் கைபேசியின் ஸ்பீக்கரிலேயே ஓடவிடுவது காதுக்கும் நல்லது.

இரண்டாவது வாசலைப் பலர் கவனிப்பதில்லை. அது பேச்சு. அறிதிறன் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி, என்ற உளவியல் முறை காதிரைச்சலுக்குப் பயன்படுகிறது. இதுவரை சோதிக்கப்பட்டவற்றில் வலுவான சான்று இதற்குத்தான். நெதர்லாந்தில் ரிலானா சீமா குழுவினர் 492 பேரை வைத்து நடத்திய சோதனை 2012இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வழக்கமான கவனிப்பைவிட, சிபிடியை மையமாக வைத்துப் படிப்படியாகக் கொடுத்த கவனிப்பு தெளிவாக மேம்பட்டிருந்தது. 2020ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு 28 ஆய்வுகளையும் 2,733 பேரையும் பார்த்து, காதிரைச்சல் வாழ்க்கையைக் கெடுக்கும் அளவை சிபிடி குறைக்கக்கூடும் என்றது. சத்தத்தின் அளவைக் குறைப்பதாக சிபிடி சொல்லிக்கொள்வதே இல்லை. சத்தம் இருக்கும்; அது தரும் வாதை குறையும்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை என்று தோன்றலாம். நெருங்கிப் பார்த்தால் அப்படி இல்லை. சோமனூர்ப் பக்கம் இருபது ஆண்டு விசைத்தறி ஓட்டிய ஒருவரை எண்ணிக்கொள்வோம். தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். காதிரைச்சல் வந்ததில் வியப்பில்லை. செயலி முதலில் அவர் மனதில் ஓடும் வாக்கியத்தை அப்படியே எழுதச் சொல்கிறது. எழுதுகிறார்: “இந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கமே வராது.” அடுத்து, ஒரு வாரம் தினமும் இரண்டு எண்களைக் குறிக்கச் சொல்கிறது: படுக்கும்போது சத்தம் பத்துக்கு எவ்வளவு, தூங்கியது எத்தனை மணிக்கு. வாரக் கடைசியில் பட்டியலைத் திறக்கிறார். வியாழன் சத்தம் எட்டு. ஆனால் அக்கா மகள் கல்யாண வேலை முடித்து வந்த அலுப்பில் பத்தரைக்கே தூங்கியிருக்கிறார். ஞாயிறு சத்தம் நான்குதான். திங்கள்கிழமை கட்ட வேண்டிய வட்டியை நினைத்து இரண்டு மணி வரை விழித்திருக்கிறார். சத்தமும் தூக்கமும் அவர் நினைத்தபடி ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. யாரும் சொல்லி அவர் நம்ப வேண்டியதில்லை, அவர் கைப்படக் குறித்த எண்களே சொல்கின்றன. பழைய வாக்கியத்தின் கீழே புதிதாக எழுதுகிறார்: “சத்தம் இருந்தும் தூங்கியிருக்கேன். கவலை இருந்தாத்தான் தூக்கம் கெடுது.”

பிறகு கவனத்தைப் பழக்கும் பயிற்சி. ஒரு நிமிடம் காதிரைச்சலையே கேளுங்கள்; அடுத்த நிமிடம் தெருவில் கேட்கும் சத்தத்துக்கு மாறுங்கள்; அடுத்த நிமிடம் தரையில் பதிந்திருக்கும் பாதத்தை உணருங்கள்; திரும்பக் காதுக்கு வாருங்கள். கவனத்தை நாமே எடுத்து வைக்கலாம் என்பது அனுபவத்தில் தெரியவரும்போது சுழலின் ஒரு கண்ணி தளர்கிறது. அதன்பின், அமைதியான அறையையும் கோயில் விழாவையும் பயந்து ஒதுக்கியவர் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே திரும்பிப் போகிறார். மூச்சுப் பயிற்சி, தூக்க ஒழுங்கு போன்றவையும் சேரும்.

இத்தனையையும் நேரில் சொல்லித்தரப் பயிற்சி பெற்ற உளவியலாளர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எந்த நாட்டிலும் போதவில்லை. ஸ்வீடனில் கெர்ஹார்ட் ஆண்டர்சன் 2002இலேயே இணையம் வழியாக சிபிடி கொடுத்துச் சோதித்ததற்கு இந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல், காதிரைச்சலால் மனம் வாடுபவர்களுக்கு உளவியலாளர் வழங்கும் டிஜிட்டல் சிபிடியைப் படிகளில் முதலாவதாக வைத்தது. ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போனது. 2019 டிசம்பரில் அங்கே வந்த சட்டம், மருத்துவர் மருந்துச்சீட்டில் செயலியையும் எழுதலாம், காப்பீடு பணம் கட்டும் என்றது. 2020 அக்டோபரில் அந்தப் பட்டியலில் முதலில் இடம்பிடித்த இரண்டு செயலிகளில் ஒன்று காதிரைச்சலுக்கானது: கால்மெடா. முதலில் தற்காலிகமாகத்தான் சேர்த்தார்கள். பயனுண்டு என்று காட்டிய பிறகே நிரந்தர இடம்.

அந்தச் சான்று எப்படிப்பட்டது? 187 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் செயலி உடனே; மற்றதற்கு மூன்று மாதம் கழித்து. மூன்று மாத முடிவில், அவதியை அளக்கும் கேள்வித்தாளில் முதல் குழுவின் மதிப்பெண் நன்றாகக் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஓர் இடத்தில் நிதானிக்க வேண்டும். காத்திருக்கச் சொன்னவர்களோடு ஒப்பிட்டால், எதையோ செய்கிறோம் என்ற நம்பிக்கையால் வந்த பலனும் செயலியின் கணக்கில் சேர்ந்துவிடும். செயலியை உருவாக்கிய மருத்துவர் ஊஸோ வால்டரே ஆய்வறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவர் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஒப்பிடும் முறையைப் பொறுத்தவரை, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட சோதனை எனக்குப் பிடித்தது. கிராண்ட் சர்ச்ஃபீல்டு குழுவினர் 61 பேரை எடுத்தார்கள். 31 பேருக்கு ஆலோசனை, ஒலி, பயிற்சி எல்லாம் சேர்ந்த செயலி. 30 பேருக்குச் சந்தையில் பரவலாக உள்ள வெள்ளிரைச்சல் செயலி. இரு தரப்பின் கையிலும் ஏதோ ஒன்று இருந்ததால் நம்பிக்கையின் எடை ஏறக்குறைய சமம். பன்னிரண்டு வாரத்தில் முதல் குழுவில் 65 சதவீதம் பேர் முன்னேற்றம் கண்டதாகச் சொன்னார்கள். வெறும் இரைச்சலைவிட, வழிகாட்டல் சேர்ந்த செயலி மேல். ‘மைண்ட்இயர்’ என்ற உரையாடும் செயலியைப் பற்றிய 2024ஆம் ஆண்டு ஆய்வை 28 பேர்தான் முடித்தார்கள். பாதிப் பேர் செயலியோடு மட்டும். பாதிப் பேருக்குக் காணொளியில் உளவியலாளரும் உண்டு. இரு குழுவிலும் பெரும்பாலோர் தேறினார்கள்; மனிதர் உடனிருந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்துப் பெரிய தீர்ப்பு சொல்ல முடியாது.

கைபேசிக்கு இன்னொரு பயனும் உண்டு. அது அளக்கும் கருவி. மாதம் ஒருமுறை மருத்துவரிடம் போய் “எப்படி இருக்கு?” என்ற கேள்விக்குச் சொல்லும் பதில், பெரும்பாலும் நேற்று ராத்திரி எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்லும். ஜெர்மனியின் உல்ம், ரேகன்ஸ்பர்க் ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘டிராக் யுவர் டின்னிடஸ்’ செயலி நாளில் எதிர்பாராத நேரங்களில் கேள்வி கேட்கும்: இப்போது சத்தம் கேட்கிறதா, எவ்வளவு, எவ்வளவு தொந்தரவு, மனநிலை எப்படி? ஆயிரக்கணக்கில் சேர்ந்த விடைகளை ஆராய்ந்ததில், நள்ளிரவிலிருந்து காலை எட்டு மணி வரை காதிரைச்சல் பகலைவிடப் பெரிதாகவும் வேதனையாகவும் உணரப்படுகிறது என்று 2017இல் காட்டினார்கள். மன அழுத்தத்தைக் கணக்கிலிருந்து கழித்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. ராத்திரியில் அதிகமாகிறது என்று நோயாளிகள் காலங்காலமாகச் சொல்லிவருவதற்கு இப்போது எண்களும் துணை நிற்கின்றன. இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் கவனம் அங்கேயே போய் நோய் மோசமாகாதா என்ற நியாயமான கவலையையும் அவர்களே சோதித்தார்கள். தொடர்ந்து பயன்படுத்தியவர்களிடம் சத்தமோ வேதனையோ கூடியதாகத் தெரியவில்லை.

செயலியைத் தேடுவதற்கு முன் சில எச்சரிக்கைகள். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல், தலைச்சுற்றலோடு வரும் இரைச்சல் இவற்றுக்கு முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். அன்றே ஓட வேண்டும், நாள் கடந்தால் சிகிச்சையின் பலன் குறையும். காது மந்தமாகியிருந்தால், பொருத்தமான காது கேட்கும் கருவியே பலருக்குக் காதிரைச்சலையும் தணித்துவிடுகிறது. ‘ஏழு நாளில் குணம்’ என்று அறிவிக்கும் செயலியும் மாத்திரையும் ஏமாற்று. ஜிங்கோ, துத்தநாகம், மெலடோனின் மூன்றையும் இதற்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டுதலே சொல்கிறது. நம் தூக்கத்தையும் மனநிலையையும் எழுதிவைக்கும் செயலி அந்தத் தகவலை எங்கே அனுப்புகிறது என்றும் பார்க்க வேண்டும். வாழ்வையே வெறுக்கும் அளவுக்கு மனம் தளர்ந்திருந்தால் செயலி போதாது. 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் மனநல உதவிச் சேவையில் மனிதர் ஒருவர் பேசுவார், கட்டணம் கிடையாது.

மழையோசைக்கு மொழி வேண்டாம். எந்த நாட்டில் செய்த செயலியும் அதை நமக்குத் தரும். ஆனால் பயன் தரும் பகுதி பேச்சில் இருக்கிறது. அதற்கு மொழி வேண்டும். இங்கே சொன்ன செயலிகள் பெரும்பாலும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் பேசுபவை. மனதுக்குள் தமிழில் ஓடும் பயத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கச் சொன்னால் விசைத்தறிக்காரரால் முடியாது. ஆங்கிலம் தெரிந்த பலராலும் முடியாது. இது தீர்க்க முடியாத சிக்கலும் அல்ல. பிரிட்டனில் உருவான இணையவழி சிபிடிப் பாடங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, எல்ட்ரே பியூகஸ், வினய மஞ்சையா குழுவினர் முதலில் செய்த வேலை மொழியை எளிமையாக்கியது. ஆறாம் வகுப்புப் படித்தவருக்குப் புரியும் அளவுக்கு வாக்கியங்களைத் திருத்தினார்கள். எடுத்துக்காட்டுகளை ஊருக்கு ஏற்ப மாற்றினார்கள். பிறகு ஸ்பானிய மொழியிலும் தந்தார்கள்.

தமிழிலும் இதைச் செய்யலாம். செவித்திறன் வல்லுநர்கள் இங்கே இருக்கிறார்கள், உளவியலாளர்கள் இருக்கிறார்கள், செயலி எழுதுபவர்களுக்குக் குறைவே இல்லை. படிக்கத் தெரியாதவருக்கும் பயன்படும்படி குரலிலேயே பாடம் நடத்தலாம். வெளியிடும் முன் இரு குழுவாகப் பிரித்துச் சோதிக்கலாம், முடிவு எதுவானாலும் வெளியே சொல்லலாம். காது மருத்துவத் துறைகளும் உளவியல் துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த வேலையைத் தொடங்க வேண்டும். “பழகிக்கோங்க” என்று சொல்லும் மருத்துவர், எப்படி என்று கேட்கும் நோயாளியின் கையில் கொடுக்க அப்போது ஒன்று இருக்கும்.